கடைசிப் பாட்டு இழுக்கிறது

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசு என்றால்தான் தெரியும். கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் அரசாங்க வேலை அவருக்கு. பித்தளைக் கற்கள் வரிசையாகப் பதிந்திருக்கும் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் தெருமுனை திரும்பினால் போதும், காய்கறிக்கடை முதல் கறிக்கடை வரை எல்லார் முகத்திலும் திடீரென்று ஒரு பக்தி வந்துவிடும். அந்தக் கற்களை அவர் வெறும் கையால் தொட மாட்டார். விரல் வியர்வை ஒட்டினால்கூட எடை கூடிவிடுமாம். வீட்டில் உப்பு எடுப்பதற்கும் துணி சுற்றிக்கொள்வீர்களா என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இது தவிர இன்னொரு வேலையும் உண்டு. ஒரு வாரப் பத்திரிகையில், புதிதாக வரும் பாட்டு ஆல்பங்களைப் பற்றி எழுதுவார். அங்கேயும் தராசு என்ற பெயர்தான். பாடியவர் யார், யாருக்கு வேண்டியவர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியவே கூடாது. அதற்கென்று வீட்டில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். சனிக்கிழமை பத்திரிகை ஆபீஸிலிருந்து ஐந்தாறு சிடிக்கள் ஒரு பொட்டலமாக வரும். அதை அவர் மனைவிதான் பிரிப்பாள். (என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.) அட்டைகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் போடுவாள். சிடிக்களைப் பழைய ஆபீஸ் உறைகளில் போட்டு மேலே ஒன்று, இரண்டு என்று பென்சிலால் எண் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றாக எடுத்து அவளே பிளேயரில் வைத்து மூடுவாள். அதுவரை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டு, எழுதி, தாளை அவளிடம் நீட்டுவார். அப்புறம்தான் அவள் மணிமணியான எழுத்தில் ஒவ்வொன்றின் தலையிலும் ஆல்பத்தின் பெயரை எழுதுவாள். பெயர் எழுதிய பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. அது அவர் போட்ட சட்டம்.

அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. துவைக்கிற பகுதியில் இல்லை, மடிக்கிற கூடத்தில். நாள் ஒன்றுக்கு ஆயிரம் ஆயிரத்திருநூறு படுக்கை விரிப்புகள் துணியை உலர்த்தித் தேய்க்கிற உருளையிலிருந்து சூடு ஆறாமல் வந்து விழும். இரண்டிரண்டு பேராக நின்று நான்கு முனைகளையும் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் மூன்று எட்டு வைத்து முனைகளைச் சேர்க்க வேண்டும். எட்டு பிசகினால் மடிப்பு கோணும். கோணிய மடிப்பு அலமாரியில் அடுக்க நிற்காது. எட்டு பிசகாமல் இருக்கத்தான் அவர்கள் பாடினார்கள். எட்டுப் பெண்கள், நான்கு ஜோடி. அதில் மூத்தவர் பெரியக்கா. முப்பத்து நான்கு வருஷமாக அங்கே மடிக்கிறவர். பாதிப் பாட்டுகள் அவர் கட்டியவை.

அந்தப் பாட்டுகளை ரேடியோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், கால் கட்டுடன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார். நடக்க ஆரம்பித்ததும் நேராகக் கூடத்துக்கே மைக்கோடு வந்துவிட்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள் பதிவு நடந்தது. எட்டுப் பேர், பதினோரு பாட்டு. அவள் வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தாள். ஏன் மறைத்தாய் என்று பிற்பாடு நான் கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான்: "சொல்லிட்டா அவரால சரியாச் சொல்ல முடியாது அண்ணே. நல்லா இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை. ஊர்ல அதை நம்பிக் கேக்கறதுக்கு அவரை விட்டா யார் இருக்கா?"

ஆல்பத்தின் ஒரு பிரதி பத்திரிகைக்குப் போயிற்று. பத்திரிகையிலிருந்து பொட்டலத்தில் வீட்டுக்கு வந்தது. அவள் அதை நான்காம் எண் உறையில் போட்டாள்.

அன்று நல்ல மழை. அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவர் ஹெட்போனோடு ஜன்னலோரம் இருந்தார். முதல் பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டாவதில் விரலால் தொடையில் தாளம் போட்டார். உருளையின் இரைச்சலும் துணி உதறும் சத்தமும் பாட்டுக்குள்ளேயே கலந்திருந்தன. நான்கைந்து மாதத்துக்குப் பிறகு உருப்படியாக ஒன்று வந்திருக்கிறது என்று நினைத்தாராம். மூன்றாவது பாட்டை ஒரு குரல் தனியாக எடுத்தது. எடுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்கியது. கனத்த பானையைத் தூக்கப் போகிறவள் வாங்குகிற மூச்சு. பத்தொன்பது வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறவருக்கு அந்த மூச்சு போதாதா?

சிடியை நிறுத்திவிட்டார்.

நிறுத்தியவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவள் கையிலிருந்த கத்தி சீவுவதை நிறுத்தியிருந்தது. தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. சத்தமே இல்லாத ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நடுநடுவே தலையை வேறு ஆட்டிக்கொண்டு, மீதிப் பாட்டுகளுக்கு ஆகக்கூடிய நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தை அவர் என்னிடம் சொன்னபோது அவரைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"முடிஞ்சுதாங்க?" என்றாள்.

"முடிஞ்சுது."

"எப்படி இருக்கு?"

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. "எழுதித் தரேன், பாரு" என்றார்.

அவர் மனசில் இரண்டு ஓடின. என்னிடமே மறைத்திருக்கிறாளே என்ற ஆத்திரம் ஒன்று. இன்னொன்று பயம். போன வருஷம் இதே பத்திரிகையில் நாடகங்களைப் பற்றி எழுதியவர் தன் அக்கா மகனைத் தூக்கிவைத்து எழுதி, சந்தி சிரித்து, பக்கத்தையே இழந்திருந்தார். தராசு தன் பெண்டாட்டியைப் புகழ்ந்தார் என்று யாராவது ஒருவர் கிளப்பிவிட்டால் என்ன மிச்சமிருக்கும்? எனக்கு இதில் பங்கே வேண்டாம் என்று உறையைத் திருப்பித் தந்திருக்கலாம். தந்தால், தெரிந்துகொண்டதை ஒப்புக்கொள்ள வேண்டுமே. எழுதினார்.

'துணி மடிக்கிற பெண்கள் பாடியிருக்கிறார்கள் என்பதற்காகத் தட்டிக்கொடுக்க முடியாது. நாட்டுப்பாடல் ஆல்பத்தையும் ஆல்பமாகத்தான் நிறுக்க வேண்டும். இயந்திர இரைச்சலில் குரல்கள் தடுமாறுகின்றன. கடைசிவரை ஒரே இழுவை. அதிலும் அந்தக் கடைசிப் பாட்டின் இழுவை கேட்பவரின் பொறுமையைச் சோதிக்கிறது.'

கடைசி வரியை ஏன் சேர்த்தார்? முழுவதும் கேட்டதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக. அவள் தாளை வாங்கிப் படித்தாள். நான்காவதின் தலையில் 'எட்டு எட்டு' என்று தங்கள் ஆல்பத்தின் பெயரை எழுதினாள். எழுத்து எப்போதும்போல மணிமணியாகவே இருந்தது. உறையை ஒட்டி, மழையிலேயே போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். மத்தியானம் உருளைக்கிழங்கில் உப்பு இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

பத்திரிகை வந்து மூன்று வாரம் கழித்து, சலவைக்கூடத்தில் அழுக்குத்துணி மூட்டைகளை நிறுக்கும் மேடைத்தராசுக்கு முத்திரை புதுப்பிக்கிற நாள் வந்தது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி அவர் ஆபீஸில் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. மரப்பெட்டியோடு போனார். மேடைத்தராசு இருப்பது கூடத்தின் கோடியில். அதற்கு மடிக்கிறவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்கு ஜோடிகளும் மடித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆவியில் எல்லார் முகமும் சிவந்திருந்தது. அவள் அவரைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கற்களை ஏற்றி இறக்கி முத்திரை குத்தி முடிக்கும்வரை பெரியக்கா காத்திருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சுடச்சுட மடித்து மடித்து விரல்நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம். கோச்சுக்காதீங்க."

"சொல்லுங்கக்கா."

"நீங்க எழுதினதை ஏழெட்டுத் தடவை படிச்சேன். தப்பா ஒண்ணும் நினைக்கல. இத்தனை நாளும் நாங்களே பாடி நாங்களே நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தோம். வெளியாள் ஒருத்தர் உள்ளதைச் சொன்னாத்தானே தெரியும்?"

"அப்படியெல்லாம் இல்லக்கா..."

"இருக்கட்டும் தம்பி. அந்தக் கடைசிப் பாட்டு நான் தனியாப் பாடினது. இழுக்குதுன்னு எழுதியிருந்தீங்க. எந்த இடத்துல இழுக்குதுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா திருத்திக்குவேன். ரெண்டு மாசத்துல எனக்கு ரிடையர்மென்ட். போறதுக்குள்ள அதை ஒரு தடவை சரியாப் பாடிட்டுப் போயிடணும்னு இருக்கு."

கேட்டவர் முகத்தில் குத்தல் கொஞ்சமும் இல்லை. மருந்துச் சீட்டைக் காட்டி எத்தனை வேளை என்று கேட்கிற மாதிரி கேட்டார். கூடத்தில் எண்ணிக்கை நின்றிருந்தது. மற்ற ஏழு பேரும் தராசின் வாயைப் பார்த்தார்கள், அவர் மனைவியும்தான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் அவருக்கு வாய்த்திருக்காது.

"நடுவுல கொஞ்சம் இழுக்குதுக்கா. சுறுசுறுப்பா எடுத்துப் பாருங்க. வேகம் குறையாமப் பாடினீங்கன்னா சரியாயிடும்."

"வேகமாவா? சரி தம்பி. ரொம்ப நன்றி" என்று கையெடுத்துக் கும்பிட்டார் பெரியக்கா.

முதல் பொய்க்காவது பயம், ஆத்திரம் என்று ஏதோ ஒரு சாக்கு இருந்தது. இதற்கு ஒன்றுமில்லை. எதிர் வீட்டுக்காரன்தான், பல நாள் டீ வாங்கிக் குடித்தவன்தான் நான். ஆனாலும் இந்த ஒரு இடத்தில் அவருக்காகப் பரிந்து பேச எனக்கு மனம் வரவில்லை.

அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டில் யாருமில்லை. எழுதி முடித்த சிடிக்களும் கிடக்கும் தகரப் பெட்டியை இழுத்து, அந்த சிடியைத் தேடி எடுத்துக் கடைசிப் பாட்டைப் போட்டார். இயந்திரம் இல்லை, தாளம் இல்லை, பெரியக்காவின் குரல் மட்டும். அன்றைய கடைசி விரிப்பை மடித்து வைக்கும்போது பாடுவது.

'எவர் படுத்த விரிப்போ இது
எவர் எழுந்த விரிப்போ
எழுந்தவர்க்கும் எழாதவர்க்கும்
ஒரே மடிப்பு மடிச்சேன்.'

அவ்வளவுதான் பாட்டு. மறுபடி போட்டுக் கேட்டார். பிளேயரில் ஓடும் எண்களைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு விநாடி. இழுப்பதற்கு அதில் இடமே கிடையாது. நான்கு வரியும் நிதானமாக நடந்து போய் அதனதன் இடத்தில் நின்றன. அதற்குப் பிறகு முழு ஆல்பத்தையும் முதலிலிருந்து கேட்டார். அவர் கையில் வந்த ஆல்பங்களிலேயே இதற்கு ஈடாக மூன்றோ நான்கோதான் தேறும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அன்று அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்தார். திருத்தம் போட வேண்டும், அந்த ஆல்பத்தைப் பற்றி நான் எழுதியது தவறு என்றார்.

"யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்காங்களா?" என்றார் ஆசிரியர்.

"இல்ல."

"அப்புறம் என்ன? தராசு தப்பா நிறுத்துட்டுதுன்னு நாமளே போட்டா நாளைக்கு எவன் நம்பி வருவான்? மூணு வாரம் ஆச்சு சார், அந்தத் தாள்ல வடை மடிச்சுக் குடுத்து முடிச்சிருப்பாங்க. விடுங்க."

விடச் சொன்னது அவருக்கு வசதியாகவும் இருந்தது. அதையும் அவரேதான் சொன்னார். நாட்கள் போயின. ஒவ்வொரு சனிக்கிழமையும் பொட்டலம் வந்தது, அவள் எண் போட்டாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பார்; "டீ இருக்கா?" என்று முடிப்பார். அந்த இரண்டு மாதத்தில் அவர் குடித்த டீயின் அளவை எந்த மேடைத்தராசிலும் நிறுக்க முடியாது.

பெரியக்காவின் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை. இருவரும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

"நாளைக்குக் கூடத்துலயே பெரியக்காவை வழியனுப்பறோம். அவங்க பாட்டைப் பாடச் சொல்லியிருக்கோம்."

"எந்தப் பாட்டு?"

"கடைசிப் பாட்டுதான். நீங்க சொன்ன மாதிரி வேகமாப் பாடிப் பாடிப் பழகியிருக்காங்க. ரெண்டு மாசமா அதே வேலை. பஸ்ல வரப்பக்கூட வாய் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "நான் அந்தப் பாட்டைக் கேக்கல" என்றார்.

"தெரியும்."

அவள் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமா?"

"ஒரு நிமிஷம்கூட இல்லாத பாட்டுங்க அது. அது எங்கேருந்து இழுக்கும்? நீங்க தாளைக் குடுத்த அன்னைக்கே அந்த வரியைப் படிச்சேன். பேனாவைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சேன். அப்புறம் பேரை எழுதிட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எதுல நிறுத்தினீங்க?"

"மூணாவதுல."

"என் குரல் வந்ததும்."

"ஆமா."

"நல்லா இல்லாம நிறுத்தினீங்களா, இல்ல, பாடினது நான்ங்கறதால நிறுத்தினீங்களா?"

"பாடினது நீங்கறதால. ஆத்திரம். அப்புறம், நாலு பேர் என்ன சொல்லுவாங்களோன்னு..."

"பாடினது எட்டுப் பேருங்க. நான் ஒருத்தி உங்க பொண்டாட்டி. மீதி ஏழு பேரும் உங்களுக்கு என்ன வேணும்? அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" குரல் ஓங்கியது. உடனே இறங்கியும் விட்டது. "நான் மட்டும் என்ன யோக்கியம்? அன்னைக்கு நீங்க தராசுல முத்திரை குத்திட்டு, வேகமாப் பாடுங்கன்னு சொல்லிட்டுப் போனீங்களே, நானும் அங்கதானே நின்னேன். 'அக்கா, இவர் கேக்கவே இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட தீர்ந்திருக்கும். வாய் வரல. தராசு பொண்டாட்டின்னு கூடத்துல எனக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல. உங்க பேரைக் காப்பாத்தறதுக்கு அவங்க பாட்டைத் தூக்கிக் குடுத்துட்டேன்."

"இப்ப கேட்டுட்டேன். முழுசாக் கேட்டேன். உண்மையிலேயே ரொம்ப..."

"வேண்டாம்." கையை நீட்டித் தடுத்தாள். "என்கிட்ட சொல்லாதீங்க. இப்ப நீங்க என்ன சொன்னாலும், பொண்டாட்டிக்காகச் சொல்றீங்களா, மனசு உறுத்தறதுக்காகச் சொல்றீங்களான்னு எனக்குத் தெரியப்போறதில்ல. பெரியக்காகிட்ட வந்து சொல்லுங்க. நானும் பக்கத்துல நிக்கறேன்."

அன்று அவர் மரப்பெட்டியை எடுக்கவில்லை. தூறலில் இருவரும் ஒரே குடையில் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உருளை இன்னும் சூடேறவில்லை. பெண்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டே, "வாங்க தம்பி, நாளைக்குத்தானே வரணும், இன்னைக்கே வந்துட்டீங்க?" என்று சிரித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "உங்க பாட்டு இழுக்கல."

"நல்லா வந்துடுச்சுன்னு இவ சொன்னாளா?"

"இல்லக்கா. எப்பவுமே இழுக்கல. எழுதினப்ப நான் அதைக் கேக்கவே இல்ல. மூணாவது பாட்டுல இவ குரலைக் கேட்டதும் நிறுத்திட்டேன். கேக்காமலேயே எழுதிட்டேன். அப்புறம் நீங்க இங்க வச்சுக் கேட்டப்பவும், கேக்காமலேதான் வேகமாப் பாடச் சொன்னேன்."

குழாயில் ஆவி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியக்கா அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா" என்றாள் அவள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மற்றவர்களில் ஒருத்தி துடைக்கிற துணியை வாளியில் ஓங்கி எறிந்தாள். அழுக்குத் தண்ணீர் அவர் கால்சட்டையில் தெறித்தது. அவர் நகரவில்லை. இன்னும் நாலு வாளி ஊற்றியிருந்தாலும் நின்றிருப்பார். பெரியக்கா அவளைக் கையமர்த்தினார்.

"அப்ப பழையபடியே பாடலாம், அவ்வளவுதானே?" என்றார். யாரையோ சமாதானப்படுத்துகிற குரல். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அங்கேயே ஆரம்பித்தார். முதல் வரி பாதிவரை நிதானமாகப் போனது, பிறகு ஓடியது. இரண்டாவது வரி அதன்மேல் வந்து விழுந்தது. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் ஓடியது. மூன்றாம் தடவை உள்ளங்கையால் மேசையில் மெதுவாகத் தட்டி, தட்டுக்கு ஒரு சொல்லாகப் பிடித்துப் பார்த்தார். கை ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது.

"வரலையே" என்றார்.

"மெதுவாக்கா, அவசரமில்ல" என்றாள் அவர் மனைவி.

"மெதுவாத்தாண்டி எடுக்கறேன். அது ஓடுது." பெரியக்கா தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தராசின் பக்கம் திரும்பினார். கோபமாகத் திட்டியிருந்தால் அவர் எப்படியாவது தாங்கியிருப்பார்.

"தம்பி, உங்ககிட்ட அந்த சிடி இருக்குல்ல? ஒரு நாளைக்குக் குடுங்க, நான் எப்படிப் பாடினேன்னு கேட்டுப் பாத்துக்கறேன். என்னோடதை நீங்க எழுதினது வந்த அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன்."